இழுத்துக் கட்டிய நூல்

அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. "இந்தா சோடாபுட்டி" என்று எடுத்துக் கொடுத்தேன். கண் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவள் அப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாதுதான். என் வாய் அப்படி. அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். அதற்கப்புறம் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் சோடாபுட்டிதான். இரண்டு கண்ணும் மைனஸ் பதினான்கு.

அவ்வளவு பவர் இருக்கிறவர்களின் கண் உருண்டையாக இருக்காது. முட்டை மாதிரி பின்பக்கமாக நீண்டிருக்கும். நீள நீள உள்ளே இருக்கிற திரை மெலியும். மெலிந்த இடத்தில் கீறல் விழும். கீறல் வழியாக வேண்டாத ரத்தக்குழாய் ஒன்று முளைத்து வந்து பார்வையின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் வாடிப்போகும். விட்டுவிட்டால் தழும்பாகிவிடும், தழும்புக்கு மருந்து கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் மெஷின். உடம்பில் மருந்து ஏற்றாமல், வெறும் வெளிச்சத்தை விட்டே கண்ணுக்குள் ரத்தம் ஓடுகிற வழியையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படம் எடுத்துவிடும். முதல் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிய அறையில், ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைத்து, நானும் அவளும் ஆறு வருஷமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தினோம்.

வேலையில் அவளை மாதிரி வராது. தடித்த கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தாடையை மெஷினில் வைத்தால், உள்ளே தெரிகிற பச்சைச் சிலுவை அவர்களுக்குத் தெரியாது. நான் "நேரா பாருங்க, நேரா பாருங்க" என்று கத்துவேன். அவர்கள் எதைப் பார்ப்பார்கள், பாவம். அவள் பக்கத்தில் குனிந்து, "பச்சையா பஞ்சு மாதிரி ஒண்ணு தெரியும், அந்தப் பஞ்சுக்கு நடுவுல பாருங்க" என்பாள். கண் அசையாமல் நின்றுவிடும். அவள் கண்ணுக்கும் பஞ்சாகத்தானே தெரியும், அதனால் தெரிந்த வித்தை.

காலையில் எட்டேகாலுக்கு, முதல் ஆள் வருவதற்குள் மெஷினைச் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். அதற்கென்று கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் கண் ஒன்று கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக்கில் ரத்தம் ஓடாதே என்று அவள்தான் சொன்னாள். ரத்த ஓட்டம் எடுக்கிற மெஷினுக்கு உயிருள்ள கண்தான் சோதனை, அதிலும் நீளமான கண் கிடைத்தால் விசேஷம், இதையே சரியாக எடுத்துவிட்டால் மற்றவர்கள் கண்ணெல்லாம் தூசு. பெரிய டாக்டரும் தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வலது கண்ணை வைப்பாள், நான் பட்டனை அழுத்துவேன். படத்தின் மூலையில், படம் எவ்வளவு தெளிவு என்று பத்துக்கு ஒரு நம்பர் வரும். ஏழுக்கு மேல் வந்தால் நோட்டில் டிக். படம் 'சோதனை' என்கிற பெயரில் போய்ச் சேர்ந்துவிடும். அதை எந்த டாக்டரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. கண்ணின் உள்திரை அடுக்கடுக்காக இருக்கும். எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று மெஷின் தானாகவே கோடு போட்டுக்கொள்ளும். நீளமான கண்ணில் வளைவு அதிகம் என்பதால் கோடு நழுவும். நழுவினால் ஒரு அடுக்கில் இருக்கிற குழாய் இன்னொரு அடுக்கில் தெரிவது போலக் காட்டும். சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டிய அடுக்கில் வெள்ளைப் பிசிறு வந்து நிற்கும். அப்போது கோட்டை மவுஸால் பிடித்து அதன் இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். பிசிறு போய்விடும். இதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். வயதுக்கு நான் அக்கா, வேலைக்கு அவள்தான் எனக்கு அக்கா.

அவள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். கீழே அவர்கள், மாடியில் நான். புருஷன் டைல்ஸ் போடுகிறவர். எங்கள் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அவர் போட்டதுதான். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை வரைக்கும் கோடு கோடாக ஓடும். அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே. ஒரே பெண், மூன்றாம் வகுப்பு. அதற்கும் கண்ணாடி. அம்மா என்னை அக்கா என்பதால் அது என்னைப் பெரியம்மா என்னும்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. வேலைக்குப் போக முடியாமல் அவர் வீட்டிலேயே கிடந்தார். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? வேலை செய்த இடங்களில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸைப் பொறுக்கி வைத்திருந்தவர், சமையலறைத் தரையைப் பெயர்த்து அதைப் போட்டுவிட்டார். நான்கு நாள் அடுப்பு என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பளிச்சென்று இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அடுப்புப் பக்கம் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த மூணாவது வரிசை கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இல்ல?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குனிந்து பார்த்தார். ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். நேராகத்தான் இருக்கிறது என்றார். அவள் விடவில்லை. மிச்சம் மீதி டைல்ஸ்தானே, ஒன்றுக்கொன்று அளவு வித்தியாசம் இருக்கும் என்றாள். பெண்டாட்டி சொல்லிவிட்டாள் என்று மறுநாள் அந்த வரிசையை உளி வைத்துப் பெயர்த்துத் திரும்பப் போட்டார். உளிச்சத்தம் மாடியில் என் தலைக்குள் இறங்கியது. அடுத்த வாரம் அவள் மறுபடியும் வளைகிறது என்றாள். மறுபடியும் பெயர்த்தார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை அவள் எனக்குக் கதையாகச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் நேரா போடுறாரு, எனக்குன்னா மட்டும் கோணலா வருது அக்கா" என்றாள். எனக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு. அவளுடைய முட்டையில் பாதியை எடுத்துக்கொண்டு, ஆம்பளைங்க வீட்டு வேலை அப்படித்தான்டி இருக்கும் என்றேன்.

இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மேஜையில், எங்கள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட அட்டை இருந்தது. வருகிற ஒவ்வொரு ஆளிடமும் அதை நீட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "கோடு வளைஞ்சு தெரியுதா?" என்று கேட்பது எங்கள் வேலை. வேண்டாத குழாய் முளைத்தால் முதல் அறிகுறி அதுதான், நேர்க்கோடு வளையும். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்போம். அந்த இருபது பேரைக் கேட்டுவிட்டு வந்துதான் அவள் கோடு வளைகிறது என்று சொன்னாள், நான் சிரித்தேன். தப்பு டைல்ஸ்காரர் மேல் விழுந்துவிட்டதால் கண்ணை யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

அதே சமயத்தில்தான் மெஷினும் மக்கர் பண்ணுகிறது என்று நாங்கள் முடிவு கட்டினோம். காலைச் சோதனைப் படத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய அடுக்கில், நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிசிறு தினமும் வர ஆரம்பித்தது. கோட்டை இழுத்துவிட்டால் போய்விடும். மறுநாள் திரும்ப வரும். நீளமான கண், கோடு நழுவுகிறது, அவ்வளவுதான். நம்பரோ எட்டு, ஒன்பது என்று ஜோராக வந்தது. தினமும் இழுத்து இழுத்து எனக்குச் சலிப்பு வந்து, கோடு ஒரே இடத்தில் நழுவுகிறது என்று நோட்டில் புகார் எழுதினேன். சர்வீஸ்காரர் வந்தார். லென்ஸைத் துடைத்தார், எதையோ கழற்றினார், மாட்டினார். தன் கண்ணையே வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சுத்தக் கறுப்பு, பிசிறே இல்லை. மெஷின் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு, எங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கண்ணில் பிசிறு இல்லை என்றால் அது யார் கண்ணில் இருக்கிறது? சின்னக் குழந்தைகூடக் கேட்கும். படித்துச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. மெஷின் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, மறுநாள் காலையில் பிசிறு வந்ததும் பழையபடி இழுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாலு மாதம் போனது. அவள் சில நாள் தலைவலி என்றாள். படிக்கட்டில் ஒருமுறை தடுக்கினாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை முக்கால்வாசி மூடி மறைத்துவிடும், ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள், தன் கண்ணை ஒரு நாள் கூட மூடிப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டிருந்தாள். நான் தனியாக இருந்தேன். கதவைத் தட்டாமல் யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் டைல்ஸ்காரர். தலையெல்லாம் சிமெண்ட் தூசி, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கையில் நூல் உருண்டை. உள்ளே வரச் சொன்னேன். கால் அழுக்கு என்று வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. தரை வளையுதுன்னு. எனக்கு ஆத்திரம் வந்துச்சு. நாலு தடவை பேத்துப் போட்டாச்சு. சரின்னு சுவத்துக்குச் சுவர் ஆணி அடிச்சு நூலைக் கட்டிட்டேன். தட்டுனா டொய்ங்குன்னு சத்தம் வரும், அவ்வளவு இழுத்துக் கட்டினேன். இப்ப பாருடி, நூலுக்கும் டைல்ஸுக்கும் இம்மி இடைவெளி இருக்கான்னு சொல்லுன்னேன். குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு சொல்றா, இடைவெளி இல்லீங்க, நூலும் சேந்து வளையுதுங்கறா."

அவர் நூல் உருண்டையை என் பக்கம் நீட்டினார்.

"நூல் எப்படிக்கா வளையும்? இருபது வருஷமா நூலைப் புடிச்சிட்டு இருக்கேன். சுவரு பொய் சொல்லும், தரை பொய் சொல்லும், ரசமட்டம்கூட சில நேரம் பொய் சொல்லும். இழுத்துக் கட்டுன நூலு பொய் சொல்லாது. தரையும் சரியா இருக்கு, நூலும் சரியா இருக்கு. அப்ப மிச்சம் என்ன இருக்கு? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சோதனைப் படங்களைத் திறந்தேன். கோட்டை இழுத்தால் பொய்ப் பிசிறு மட்டுமில்லை, அந்த அடுக்கில் நிஜமாக முளைத்த குழாயும் மறைந்துவிடும். நான் இழுத்துவிட்ட கோட்டையெல்லாம் நீக்கி, மெஷின் முதலில் போட்ட கோட்டோடு ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போனேன். இன்றைக்கு அது அவரைக்கொட்டை அளவு, நூல் சிக்கலாகப் பின்னிக் கிடந்தது. போன மாதம் அதில் பாதி. அதற்கு முந்திய மாதம் கடுகு. இன்னும் பின்னால் போனால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி முதலில் தெரிந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் நூற்றி முப்பத்தொரு வேலை நாள். நூற்றி முப்பத்தொரு தடவை மெஷின் எனக்குச் சொல்லியிருக்கிறது. நூற்றி முப்பத்தொரு தடவை நான் அதன் வாயை மூடியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலத் தாடையை வைத்தாள். நான் பட்டனை அழுத்தவில்லை. கட்டம் போட்ட அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, இடது கண்ணை மூடு என்றேன். என்ன அக்கா விளையாட்டு என்றாள். மூடினாள். அட்டையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பப் போட்டுப் பார்த்தாள். அட்டை கசங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் அட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிற பதிலை அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய டாக்டர் படங்களைப் பார்த்தார். முதல் கால் மணி நேரம் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். சோதனைப் படமென்றால் யாரும் பார்ப்பதில்லையா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலையில் இப்படியா என்று கேட்டார். நியாயம்தான். தலையாட்டி அனுமதி கொடுத்தவர் அவர் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புள்ளி மட்டும் இருந்த அந்த நாள் படத்தில் விரலை வைத்து, "இந்த நாள்ல ஒரு ஊசி போட்டிருந்தா..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஊசி போட்டார்கள். மாதம் ஒன்றாக மூன்று. கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் கையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். குழாய் வாடியது. தழும்பு தங்கிவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் எதிரில் இருப்பவரின் தலைமுடி தெரியும், காது தெரியும், முகம் தெரியாது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இந்த நுணுக்கமான வேலை பார்க்க முடியாது என்று அவளைக் கீழே டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். பஞ்சுக்கு நடுவில் பாருங்கள் என்று சொல்ல இப்போது மாடியில் ஆள் இல்லை. நான் பழையபடி கத்துகிறேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் ஒரு நாள் பெரிய டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எங்களுக்கு நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டார். நீளமான கண்ணில் அந்தக் குழாய் எப்படி முளைக்கிறது, எப்படி வளர்கிறது என்று நாள் தவறாமல் எடுத்த படம் எங்கேயும் இல்லையாம். வருகிறவர்கள் எல்லாம் வளர்ந்த பிறகுதானே வருகிறார்கள். அவளுடைய படங்கள் பொக்கிஷமாம். வெளிநாட்டுக் கூட்டத்தில் காட்டப் போகிறாராம், ஒரு கையெழுத்து வேண்டுமாம். பொக்கிஷம் என்கிற வார்த்தையை மூன்று தடவை சொன்னார். அவள் தாளை வாங்கிக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார் என்றாள்.

வீட்டில் கேட்டாள். சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தோம். நாலு தடவை பெயர்த்துப் போட்ட அந்தத் தரையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பெண் புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அவள் தாளைப் படித்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"பாக்க வேண்டிய நேரத்துல ஒருத்தரும் பாக்கல. இப்ப ஊரு உலகமெல்லாம் உக்காந்து பாக்கப் போகுதா? போடாத கையெழுத்து."

"போட்டா நாலு பேரு கண்ணுக்கு உதவும்ங்க."

"உன் கண்ணுக்கு யாரு உதவுனா? நூலு உதவுச்சு. அதுவும் லேட்டு."

அவள் தாளை மடித்து வைத்தாள். பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். முதல் தடவை வளைகிறது என்றபோதே நூலைக் கட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தன் வேலையைக் குறை சொல்லிவிட்டாள் என்கிற ரோஷத்தில் ரசமட்டத்தை வைத்துத் தன் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நானும் அவளும் டம்ளர் கழுவினோம். இதற்குமேல் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, தினமும் அந்தக் கோட்டை இழுத்து மறைத்தது நான்தான் என்று சொன்னேன். ஊசி, லீவு என்று அலைந்த அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் வைத்திருந்த விஷயம்.

"தெரியும் அக்கா" என்றாள். "இழுக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? பக்கத்துல நின்னு பாத்துட்டுதானே இருந்தேன்." டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. அவருக்கு யாரையாவது திட்டணும்னு இருந்தா மெஷினைத் திட்டிக்கட்டும்."

மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கையெழுத்துப் போட்டாள், ஒரு நிபந்தனையோடு. அவள் பெண்ணுக்கு ஒன்பது வயதில் மைனஸ் ஆறு ஆகிவிட்டது. ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணைப் படம் எடுத்து, பெரிய டாக்டரே பார்க்க வேண்டும், வேறு யாரும் கூடாது. அவர், இது ஒரு விஷயமாம்மா, என் பொண்ணு மாதிரி என்றார்.

ஆறு மாதம் கழித்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். நாற்காலி உயரம் போதாமல் இரண்டு தலையணை வைத்தோம். பெண் தாடையை வைத்தது. அவள் குனிந்து, பஞ்சுக்கு நடுவுல பாரும்மா என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த அறையில் அந்தக் குரல். நான் பட்டனை அழுத்தினேன். மூலையில் நம்பர் வருகிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன், முதலில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தூக்கிப் பார்ப்பேன். இடது கண் சுத்தம். வலது கண்ணில், கறுப்பாக இருக்க வேண்டிய அடுக்கில், ஓரமாக ஒரு வெள்ளைப் பிசிறு.

என் கை தானாகவே மவுஸுக்குப் போனது. ஆறு வருஷப் பழக்கம்.

"தொடாத அக்கா" என்றாள். "அப்படியே இருக்கட்டும். டாக்டர் பாக்கட்டும்."

டாக்டர் ஊரில் இல்லை. அவளுடைய படங்களை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வர பதினொரு நாள் ஆகும். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று ஒருவரிடம் கேட்டால், பெரியவர் பார்க்கும் கேஸில் நான் எப்படி என்று நழுவினார். பதினொரு நாளும் அவள் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு வந்து அந்தப் படத்தைத் திறக்கச் சொல்லி, இடது கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள். டப்பாவைத் திறக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் வந்தார். கழுத்தில் கூட்டத்தில் கொடுத்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. படங்களைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம், அதைச் சொல்லிக்கொண்டேதான் அறைக்குள் நுழைந்தார். உட்காரவில்லை. நின்றபடியே திரையைப் பார்த்தார். "கோடு நழுவியிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று மவுஸைப் பிடித்து இழுத்துவிட்டார். பிசிறு போய்விட்டது. சுத்தக் கறுப்பு.

"இழுக்கறதுக்கு முன்னாடி நல்லா பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

பார்க்காமலா என்று சிரித்தார். பெண்ணின் தலையில் தட்டிக் கொடுத்துவிட்டு, ஓ.பி. காத்திருக்கிறது என்று போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். கோடு நழுவியதாகத்தான் இருக்கும். நீளமான கண்ணில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அப்படித்தான். ஆனால் எங்களுக்கு அந்தப் பத்தாவது ஆளைத் தெரியும், அவள் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் நூல். சமையலறையில் சுவருக்குச் சுவர் அடித்த ஆணியை அவள் புருஷன் பிடுங்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் டீ குடித்ததும் நூலைக் கட்டுவார், தட்டிப் பார்ப்பார், டொய்ங் என்று சத்தம் வந்தால்தான் விடுவார். பெண் தரையில் உட்காரும். அவள் பின்னால் மண்டிபோட்டு, தன் உள்ளங்கையால் பெண்ணின் ஒரு கண்ணை மூடுவாள். பிறகு இன்னொன்றை. என்னையும் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி மாடியில் அத்தனை பெரிய மெஷினை ஓட்டுகிற நான் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்பேன்.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கும்மா."

"அவசரமில்ல. நல்லா பாத்து சொல்லு."

"நேரா இருக்கும்மா. எத்தனை தடவை கேப்ப?"

போன வாரம் அப்படிச் சொல்லிவிட்டுப் பெண் எழுந்து விளையாட ஓடியது. அவர் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் நூலை அவிழ்க்கக் குனிந்தேன். அவள் இரு என்பது போலக் கையைக் காட்டினாள். பெண் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். என்ன, இன்னும் வளைகிறதா என்று நான் கேட்டேன்.

"இல்ல அக்கா. இப்ப வளையல" என்றாள். "நடுவுல நூலே இல்ல. வளைஞ்சப்பவாவது நூல் இருந்துச்சு."